விசிட் போன வீட்டில் தாயின் கணவர் கத்தியைக் காட்டினார், அடுத்த வாரம் அதே வீட்டுக்குப் போக வேண்டும். என்ன செய்வது?

தேயிலைப்பூ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டங்கள் நிறைய உள்ள ஒரு பிரிவில் குடும்ப நல உத்தியோகத்தராக இருக்கிறேன். சனங்கள் கூப்பிடுவது மிட்வைஃப் மிஸ் என்று. தோட்டத்தின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் போடவில்லை, தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த ஒரு தாயைப் பார்க்க இரண்டாவது விசிட் போயிருந்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பிரசவம் முடிந்த தாயை முதல் 5 நாட்களுக்குள் ஒரு தடவை, 6 முதல் 10 நாட்களுக்குள் ஒரு தடவை, 14 முதல் 21 நாட்களுக்குள் ஒரு தடவை, பிறகு 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவை வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். தையல் ஆறுகிறதா, இரத்தப்போக்கு எப்படி, காய்ச்சல் உண்டா, பால் போதுமா, பிள்ளைக்கு மஞ்சள் இருக்கிறதா, தாய் மனதளவில் எப்படி இருக்கிறார் என்று பார்க்கிற வேலை இது. வாசலில் நின்று செய்ய முடியாது. தாயோடு உள்ளே இருந்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்ய முடியும்.

அன்றைக்கு அந்தத் தாயின் தோளிலும் கையிலும் கன்றிப்போன அடையாளங்கள். கேட்டதற்கு விறகு விழுந்தது என்றார், கொஞ்ச நேரத்தில் அழுதுவிட்டார். வீட்டில் அடிபடுகிற பெண்களுக்கு உதவ ஆஸ்பத்திரியில் இருக்கிற நட்பு நிலையத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது கணவர் வந்துவிட்டார். நன்றாகக் குடித்திருந்தார். “என் பொண்டாட்டிக்கு என்ன சொல்லிக் குடுக்கிற” என்று என் பையைத் தூக்கி இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) எறிந்தார், பிள்ளை நிறுக்கிற தராசு உடைந்தது. அப்புறம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றார். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருப்பதே அந்த ஒரு வாசல்தான். பக்கத்துக் காம்பராப் பாட்டி சத்தம் போட்டு அவரை இழுத்ததால் நான் வெளியே வந்தேன். உடம்பில் காயம் எதுவும் இல்லை. போனில் சிக்னல் இல்லை, ரோட்டுக்கு வரும்வரை யாருக்கும் சொல்லக்கூட முடியவில்லை.

அலுவலகத்தில் சொன்னேன். “அந்த நேரத்தில் ஏன் போனீங்க, இனிக் கவனமாப் போங்க” என்பதோடு முடிந்துவிட்டது. தோட்டத் தலைவர் (தொழிற்சங்கக் கமிட்டித் தலைவர்) நான் இருக்கிற இடத்துக்கே வந்து, அவன் மன்னிப்புக் கேட்பான், பொலிஸுக்குப் போக வேண்டாம், பச்சைப் பிள்ளைக்காரன் என்கிறார். என் வீட்டில் அம்மா, டிரான்ஸ்பர் கேள் என்று ஒரே பிடி.

எனக்கு அந்தத் தாயை விட்டுவிட மனம் இல்லை. மூன்றாவது விசிட் அடுத்த வாரம் வருகிறது. நான் போகாவிட்டால் யாரும் போகமாட்டார்கள். பொலிஸுக்குப் போனால் அவர் கோபம் முழுவதும் அந்தப் பெண்ணின் மேல் திரும்பும் என்று பயமாக இருக்கிறது, போகாவிட்டால் நாளைக்கு வேறொரு மிஸ் அதே வாசலில் மாட்டுவார். இந்த வேலையில் இருப்பவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய மிட்வைஃப், பதுளை:

தங்கச்சி, முதலில் ஒன்று. “ஏன் அந்த நேரத்தில் போனீர்கள்” என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்காதீர்கள். வேலைத் திட்டத்தில் எழுதி, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பார்த்துக் கையெழுத்துப் போட்ட விசிட் அது. நீங்கள் போக வேண்டிய வீட்டுக்குத்தான் போனீர்கள்.

நான் பசறை, மடுல்சீமைப் பக்கம் வேலை செய்து சுப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். மிரட்டல், பையைப் பறிப்பது, நாயை அவிழ்த்துவிடுவது, மலைப்பாதையில் பின்னால் வருவது எல்லாம் எங்கள் காலத்திலும் இருந்தது, எழுதி வைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிட்டது. நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம், இன்ன லயத்தில் இன்ன வீட்டுக்கு 10ஆம் திகதிச் சம்பளம் முடிந்த கையோடு போகாதே, கசிப்பு (கள்ளச் சாராயம்) ஓடும் என்று. அந்த விவரம் எங்கள் வாயில்தான் இருந்தது, புதிதாக வருகிற பிள்ளைக்கு யாரும் கொடுக்கமாட்டார்கள். அவள் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரியவரும். இது மாற வேண்டும். இப்படிப்பட்ட வீடுகள் எவை என்று அலுவலகத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், பிரிவைப் பாரம் கொடுக்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வாயால் சொன்னது கணக்கில் வராது, நடந்ததை எம்.ஓ.எச்.சுக்குக் கடிதமாக எழுதுங்கள். திகதி, நேரம், அவர் சொன்ன சொல் அப்படியே, கத்தி, உடைந்த தராசு, பார்த்த பாட்டி, எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு பிரதியில் கிடைத்தது என்று கையெழுத்தும் திகதியும் வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்குறிப்பிலும், விசிட் இடையில் நின்றது, காரணம் இது என்று எழுதுங்கள். தராசு அரசாங்கச் சொத்து, அது உடைந்ததற்கும் அலுவலகம் பதில் எழுதியே ஆக வேண்டும், அந்தக் கடிதத்தை யாரும் மூடி வைக்க முடியாது.

மூன்றாவது விசிட்டைத் தனியாகச் செய்யாதீர்கள். பொதுச் சுகாதாரத் தாதிச் சகோதரியோ சுப்பர்வைசரோ கூட வர வேண்டும், அதைக் கேட்பது உங்கள் உரிமை. நேரத்தை மாற்றுங்கள், காலையில் பிரட்டு (வேலைக்குப் பேர் எடுப்பது) முடிந்து கணவர் மலைக்கு வேலைக்குப் போன பிறகு போங்கள். இல்லையென்றால் தாயையும் பிள்ளையையும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு (பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு) வரச் சொல்லுங்கள், பக்கத்துப் பாட்டி கூட்டி வருவார் போலத் தெரிகிறது. அங்கே கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம். வீட்டுக்குப் போயே ஆக வேண்டியிருந்தால் வாசல் பக்கம் உங்கள் முதுகு இருக்கிற மாதிரி உட்காருங்கள், தாய் உள்பக்கம், நீங்கள் வெளிப்பக்கம். செருப்பைக் கழற்றினால் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். பை திறந்து பரப்பிக் கிடக்கக் கூடாது. இதெல்லாம் டிரெயினிங்கில் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, மூத்த மிஸ்மார் சொல்லித்தான் தெரியும்.

டிரான்ஸ்பர் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், அது உங்கள் உயிர், உங்கள் முடிவு. ஆனால் கடிதம் கொடுக்காமல் டிரான்ஸ்பர் வாங்காதீர்கள்.

வழக்கறை:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். “உடம்பில் காயம் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் வழக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தண்டனைச் சட்டக் கோவையின் 342ஆம் பிரிவின்படி, இப்போது அடிக்கப் போகிறான் என்று எதிரே இருப்பவர் நினைக்கிற மாதிரி ஒரு சைகை காட்டினாலே தாக்குதல்தான், கை படத் தேவையில்லை. வாசலை மறித்துக் கத்தியோடு நிற்பது அதற்கு மேல். கடமையில் இருக்கிற அரச ஊழியருக்கு அதைச் செய்தால் 344ஆம் பிரிவு. கடமைக்கு இடையூறு செய்வது 183, குற்றவியல் மிரட்டல் 486. பாலியல் ரீதியாக ஏதாவது சொல்லியிருந்தால் அல்லது செய்திருந்தால் 1995இல் திருத்திய 345ஆம் பிரிவும் வரும்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது, “நான் இன்ன பதவியில், இன்ன கடமைக்காக, வேலைத் திட்டத்தின்படி அந்த வீட்டுக்குப் போனேன்” என்பதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அயல்வீட்டுச் சண்டை மாதிரி எழுதிவிட்டு, இரண்டு பேரும் சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி, தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால் முழுவதும் வாசித்துக் கருத்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் எம்.ஓ.எச். கடிதத்தோடு, அலுவலகத்தில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்தப் பெண்ணின் விஷயம் தனி வழியில் போக வேண்டும், இரண்டையும் ஒரே முறைப்பாட்டில் கலக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடைச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் தானே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரை, பிறகு விசாரித்து 12 மாதம் வரை கொடுக்க முடியும். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் முடிவு அவருடையது, அவர் கேட்காமல் நீங்கள் முன்னால் ஓடினால் ஆபத்து அவருக்குத்தான். 1938 பெண்கள் உதவி இலக்கம், 109 பொலிஸின் பெண்கள் சிறுவர் பணியகம், உடனடி ஆபத்துக்கு 119. மூன்றையும் அவர் மனப்பாடம் செய்யட்டும். தாளில் எழுதிக் கொடுத்தால் கணவர் கண்ணில் படும்.

தோட்டத்தில் ஒரு தலைவர்:

நான் ஒரு டிவிஷனில் தலைவராக இருக்கிறேன், நீங்கள் சொல்கிற தோட்டம் இல்லை. மிஸ்ஸுக்கு நடந்தது பெரிய தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் பொலிஸ் என்றால் என்ன நடக்கும் என்றும் யோசியுங்கள். கோட்டுக்குத் தவணை தவணையாக அலைவான், அன்றன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் குறையும், வீட்டில் இருக்கிற பிள்ளைத்தாய்ச்சிதான் பட்டினி கிடப்பாள். வெளியே வந்த பிறகு அடி இன்னும் கூடும். நாங்கள் கமிட்டியில் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்தால் அவனுக்கு அந்த வெட்கம் போதும். இனி மிஸ் வந்தால் கமிட்டியில் ஒரு பொம்பளையைக் கூட அனுப்புகிறோம் என்று சொல்லவும் முடியும். அந்தத் தலைவர் கெட்ட எண்ணத்தில் வந்தார் என்று நினைக்க வேண்டாம்.

பழைய மிட்வைஃப், பதுளை:

தலைவருக்கு: நீங்கள் சொல்கிற கஷ்டம் உண்மை, வயிற்றுப்பாட்டை நான் லேசாக எடுக்கவில்லை. கமிட்டிப் பெண் ஒருவரைக் கூட அனுப்புவது நல்ல யோசனை, அதை முறைப்பாடு இல்லாமல் இருந்தால்தான் செய்வோம் என்று நிபந்தனை வைக்காதீர்கள். கமிட்டியில் மன்னிப்புக் கேட்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அடுத்த சம்பளத்துக்கு மறந்துவிடுவார்கள். மிஸ் தனக்காக மட்டும் கேட்கவில்லை. அந்த மன்னிப்பில் மனைவியை அடித்ததற்கு ஒரு சொல் வருமா? வராது, அது குடும்ப விஷயம் என்பீர்கள். அந்தக் காயத்தைக் கேட்டதற்காகத்தானே கத்தியை எடுத்தான்.

லயத்துப் பிள்ளை:

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கொழும்பில் வேலை. என் அம்மா கொழுந்து எடுப்பவர். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், மிஸ் என்னைத் தப்பாக எடுக்க வேண்டாம், உங்கள் மேல் எந்தப் பிழையும் நான் சொல்லவில்லை.

தோட்டத்துச் சனத்துக்குச் சுகாதார ஆட்கள் மேல் ஒரு பழைய மனத்தாங்கல் இருக்கிறது. 1980களில் கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்தால் 500 ரூபாய் என்று அரசாங்கம் காசு கொடுத்த காலம் எங்கள் பாட்டிமாருக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் காசு அன்றைக்குத் தோட்டக் கூலிக்கு எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள். விளக்கம் சரியாகச் சொல்லாமல், மொழி தெரியாத ஆட்கள் வந்து பேப்பரில் கைநாட்டு வாங்கினார்கள் என்று எங்கள் லயத்தில் சொல்லிக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். கிளினிக்கில் “மறுபடியும் வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்துட்டியா” என்று என் அம்மாவையே பேசியிருக்கிறார்கள். இப்படி அவமானப்பட்ட ஆட்களின் வீட்டுக் கதவைத்தான் நீங்கள் தட்டுகிறீர்கள். எங்கள் ஆண்களில் பாதிப் பேருக்கு மிஸ் வந்தாலே லூப், ஊசி, ஆபரேஷன் என்று பேசத்தான் வருகிறார் என்ற நினைப்பு. குடித்தால் அது வெளியே வரும்.

இது கத்தி எடுத்ததற்கு நியாயம் இல்லை. அவன் மேல் வழக்குப் போடத்தான் வேண்டும், நான் தலைவரோடு ஒத்துப்போகவில்லை. மனைவியை அடிக்கிறவன் அரசாங்கத்தின் மேல் உள்ள கோபத்தில் அடிக்கவில்லை. ஆனால் அந்த லயத்தில் மற்ற இருபது காம்பரா ஆட்களும் யார் பக்கம் நிற்பார்கள் என்பதை இந்தப் பழைய விஷயம்தான் முடிவு செய்கிறது. பாட்டி வந்தார் இல்லையா, அது சும்மா வந்ததில்லை, உங்களைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் ஒரு மிஸ் இருந்தார், பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரியும், வீட்டு ஆண்களையும் கூப்பிட்டு வைத்துத் திரிபோஷ சத்துமா எப்படிக் கொடுப்பது என்று சொல்வார். இருட்டினால் எங்கள் அண்ணன்மார் டோர்ச்சோடு ரோடுவரை கொண்டுபோய் விடுவார்கள். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அலுவலகங்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மிஸ்ஸை மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தப் பழக்கம் எப்படி வரும்? தமிழ் தெரிந்த மிஸ்மார் மலையகத்துக்குப் போதாது என்று எத்தனை வருடமாகச் சொல்கிறோம்.

பி.எச்.ஐ., மஸ்கெலியா பக்கம்:

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக டெங்குச் சோதனைக்கும் கடைச் சோதனைக்கும் போய் நானும் வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஆனால் எங்களிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, பெரும்பாலும் இரண்டு பேராகப் போகிறோம், பிரச்சினை என்றால் சங்கம் உடனே அறிக்கை விடும். 2020 டிசம்பரில், கொரோனா நேரம், களுத்துறை மாவட்டத்தில் ஒரு பி.எச்.ஐ. மேல் ஒருவர் எச்சில் துப்பியது நாடு முழுவதும் செய்தியானது. மலையில் லயத்துக்குள் தனியாக நிற்கிற மிஸ்ஸுக்கு நடப்பது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. உங்கள் சங்கத்துக்கு இன்றைக்கே எழுதுங்கள்.

கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள். சர்வதேச தொழில் அமைப்பு, உலக சுகாதார அமைப்பு, சர்வதேசத் தாதியர் பேரவை, பொதுச் சேவை ஊழியர்களின் சர்வதேசச் சம்மேளனம் நான்கும் சேர்ந்து 2002இலேயே சுகாதாரத் துறை வேலையிட வன்முறைக்கு ஒரு வழிகாட்டி போட்டார்கள், அதில் திட்டுவதும் மிரட்டுவதும்கூட வன்முறைதான். பிறகு 2019இல் சர்வதேச தொழில் அமைப்பின் 190ஆம் சமவாயம் வந்தது. வேலையிடம் என்றால் அலுவலகக் கட்டடம் மட்டும் இல்லை, வேலை செய்யப் போகிற தனியார் இடமும், போய்வருகிற வழியும் சேர்த்திதான் என்கிறது. 10ஆவது உறுப்புரை இன்னும் முக்கியம், வன்முறையால் உயிருக்கோ உடம்புக்கோ உடனடியாகப் பெரிய ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் ஊழியர் அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. நம் பாஷையில் சொன்னால், ஆபத்து என்று பட்டால் திரும்பி வருகிற உரிமை. அந்த விசிட்டைச் செய்யாத விசிட் என்று சிவப்புப் பேனாவால் சுழிக்கக் கூடாது. நம் ஆட்கள் பாதிப் பேர் ஆபத்து தெரிந்தும் உள்ளே போவது, மாதக் கூட்டத்தில் எண்ணிக்கை குறைவு என்று எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்துவார்கள் என்ற பயத்தால்தான்.

இன்னொன்று, நேரம். கொழுந்துக்குப் போகிற பெண்கள் நாலரைக்குப் பிறகுதான் வீட்டில் இருப்பார்கள், அதனால் குடும்பப் பதிவேட்டு விசிட் எல்லாம் பின்னேரம் போய் விழுகிறது. ஆண்கள் குடித்துவிட்டு வருகிற நேரமும் அதுதான். கொழுந்து நிறுக்கிற மடுவத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் பார்க்கிற பார்வையையும் விசிட்டாகக் கணக்கெடுத்தால் பாதி ஆபத்து குறையும். அதற்கு எம்.ஓ.எச்.சும் தோட்டத்துத் துரையும் (மனேஜரும்) உட்கார்ந்து ஒரு தடவை பேசினால் போதும்.

தேயிலைப்பூ:

எல்லோருக்கும் நன்றி, வாசித்துவிட்டு நேரம் எடுத்துத்தான் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன், பிரதியில் கையெழுத்து வாங்கிவிட்டேன். கடிதத்தைக் கண்டதும் அலுவலகத்தில் பேச்சு மாறியது, தாதிச் சகோதரி மூன்றாவது விசிட்டுக்குக் கூட வருகிறார். பொலிஸுக்கும் போகப் போகிறேன், என் விஷயத்தை மட்டும் சொல்வேன். பாட்டி மூலம் அந்தத் தாய்க்குச் செய்தி போயிருக்கிறது, பிள்ளைக்காம்பராவுக்கு வருவார் என்று நினைக்கிறேன். தலைவருக்கும் சொல்கிறேன், கமிட்டிப் பெண் கூட வந்தால் சந்தோஷம், ஆனால் மன்னிப்பை வாங்கிக்கொண்டு முறைப்பாட்டை விட்டுவிட மாட்டேன்.

ஒரு கேள்வி மிச்சம். என் பக்கத்துப் பிரிவில் ஒரு அக்கா தோட்ட நிர்வாகத்தின் சம்பளத்தில் மருத்துவிச்சியாக இருக்கிறார், அவருக்கும் இதே மாதிரி நடந்திருக்கிறது. அவருக்கும் 344 பொருந்துமா?

வழக்கறை:

அவர் அரச ஊழியர் இல்லையென்றால் 344உம் 183உம் பிடிப்பது கஷ்டம். ஆனால் சாதாரணத் தாக்குதலுக்கு 343, மிரட்டலுக்கு 486, பாலியல் தொல்லைக்கு 345 எல்லாம் யாருக்கும் உண்டு. காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டிச் சட்ட வைத்திய அறிக்கை எடுக்க வேண்டும், நாள் கடத்தக் கூடாது. தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், அவர்கள்தான் முதலாளி. உங்களுக்கு ஒன்று, கடமையில் காயப்பட்டால் அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையில் விபத்து விடுமுறை இருக்கிறது, அதைச் சொந்த லீவில் கழிக்க விடாதீர்கள். அந்த அக்கா தோட்டத்தோடு எப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள், நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் நட்டஈடு பற்றிச் சொல்ல முடியும்.